வாங்குவோர் மாறினர்: கைப்பேசி வழி ஆடை விற்போர்க்குச் சில சொற்கள்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்பித்துப் பிழைக்கும் யான், வணிகர் நிறைந்த இவ்வவையில் வாணிகத்தைப் பற்றிப் பேசத் துணிந்தமை சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். முழக்கோல் பிடித்தறியாதவன் துணியைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் வினவினால், அவ்வினா நேரியதே. ஆயினும் நம் செயலாளர் அவர்கள், "உங்கள் இல்லத்தில் நடந்ததைச் சொன்னாற் போதும், நம் பெண்டிர் பலர்க்கு அது பயன்படும்" என்று வற்புறுத்தினமையின், மறுக்கவியலாதவனாய் ஈண்டு நிற்கின்றேன். குற்றங் காணிற் பொறுத்தருள்க. குணங் காணிற் கொண்டு செல்க.

எடுத்துக்கொண்ட பொருள், புடைவை, சுடிதார், நைட்டி முதலியவற்றைக் கைப்பேசி வாயிலாக ஒருவரிடம் பெற்று மற்றொருவர்க்கு விற்குந் தொழிலாம். இதனைச் செய்வாரை 'ரீசெல்லர்' என்று உலகம் வழங்குகின்றது. மறுவிற்பனையாளர் என்று யாம் வழங்குவோம். நம் சங்கத்துக் குடும்பங்கள் வாழுந் தெருக்களில், இத்தொழில் செய்யும் பெண்மணி ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. கணவனை இழந்தார், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடுத்துப் பகற்பொழுதில் ஓய்ந்திருப்பார், முதியோரைப் பேணும் பொருட்டு வெளிவேலைக்குச் செல்ல இயலாதார் ஆகிய பலர்க்கும் முதலின்றித் தொடங்கத் தக்க தொழிலாய் இது வாய்த்தது.

ஆடை விற்றல் எளியோர் தொழில் என்று எவரும் இகழற்க. பண்டைத் தமிழில் ஆடைக்கு 'அறுவை' என்பது ஒரு பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் பெயரினர் பாடிய பாடல்கள் நம் தொகைநூல்களில் இடம் பெற்றுள்ளன. துணி விற்றார் என்பதைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கப்பெறுதலை அவர் காலத்தார் இழிவெனக் கருதினாரல்லர். நமக்கும் அது பெருமையே.

நிற்க. இத்தொழில் நடந்துவந்த முறையை முதற்கண் சுருங்கக் கூறுவல். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலும், ஈரோட்டிலும், குசராத்து நாட்டுச் சூரத்திலும் உள்ள மொத்த வியாபாரிகள் புடைவைகளின் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் இடுவர். நம் பெண்டிர் அப்படங்களை எடுத்து, விலையின்மேல் ஐம்பதோ நூறோ ஏற்றித் தம் உறவினர்க்கும் அயலார்க்கும் அனுப்புவர். ஒருவர் விரும்பினாற் பணத்தைப் பெற்று மொத்த வியாபாரிக்கு அனுப்ப, அவர் விற்பவர் பெயரிலேயே கூரியரில் விடுத்துவிடுவர். துணி நம் கைக்கு வருவதே இல்லை. இம்முறையையே அடிப்படையாகக் கொண்டு 2015-ஆம் ஆண்டிற் பெங்களூரில் மீஷோ என்னும் நிறுவனம் தோன்றிற்று. 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் ஜியோ வந்து இணையக் கட்டணத்தை மிகத் தாழ்த்தியது; யுபிஐ என்னும் பணம் செலுத்து முறையும் அவ்வாண்டே வந்தது. ஆதலின் இத்தொழில் மழைக்காலத்துப் பயிர்போற் கிளைத்தது.

அக்காலத்து வாங்குவோர் யாவர்? விற்பவரை முகமறிந்தவர். அத்தை, நாத்தனார், பக்கத்து வீட்டார், உடன்பணியாற்றுவோர். அவர்கள் தாமே இணையத்தில் வாங்க அஞ்சினர். அறிந்தவர் ஒருவர் நடுவில் நின்றால் ஏமாற்றம் நேராது என்று கருதினர். அவ்வச்சமே மறுவிற்பனையாளர்க்குச் சோறிட்டது. அஃது இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2020-ஆம் ஆண்டுக் கொரோனா ஊரடங்கிற் கடைகள் அடைபட்டிருந்தபோது, அதுவரை கைப்பேசியிற் பேச மட்டும் அறிந்திருந்தவரும் வாங்கக் கற்றனர். மறுவிற்பனையாளரை நம்பித் தோன்றிய மீஷோவே பின்னர் வாங்குவோர்க்கு நேரே விற்கலாயிற்று. ஒரு படத்தைக் கூகுள் லென்ஸில் இட்டால் அதே புடைவை எங்கெங்கே என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது நொடியில் விளங்குகின்றது. இடையில் நின்றார் ஏற்றிய நூறு ரூபாய் இன்று மறைவின்றி அனைவர்க்கும் தெரிகின்றது.

இதன் விளைவை யான் என் இல்லத்திலேயே கண்டேன். என் தமக்கையார் ஒருவர் உளர். கணவர் மறைந்த பின்பு, இரண்டு பெண்மக்களை இத்தொழிலாலேயே படிக்க வைத்தவர். எம் பள்ளி ஆசிரியைகள் பலர் அவரிடம் வாங்கிவந்தனர். ஒருநாள் ஆசிரியர் அறையில் இளைய ஆசிரியை ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் காட்டி, "ஐயா, அக்கா அனுப்பின அதே சேலைதான், இதிலே நூற்றுமுப்பது ரூபாய் குறைவு" என்றார். அவர் குற்றஞ் சாட்டவில்லை, உள்ளதை உரைத்தார். யான் தலைகவிழ்ந்தேன். இல்லஞ் சென்று தமக்கையாரிடம் கூறியபோது, "எனக்கும் தெரியும் தம்பி, ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிச் சமையலறைக்குள் சென்றுவிட்டார்.

அதனினும் கொடியதொன்று பின்னர் நேர்ந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தம் கணவரின் மணிவிழாவுக்கென்று தமக்கையாரிடம் ரூபாய் 4,800 கொடுத்துப் பட்டுப்புடைவை ஒன்று வாங்கினார். மொத்த வியாபாரி அனுப்பிய படத்தின் கீழ்த் 'தூய பட்டு' என்று எழுதியிருந்தது. தமக்கையார் அதனை அவ்வாறே அனுப்பினார். புடைவை வந்தது. அவ்வம்மையாரின் உறவினராய நெசவறிந்த முதியவர் ஒருவர் அதன் ஓரத்தில் ஓரிழை உருவி நெருப்பிற் காட்டினார். பட்டிழையாயின் மயிர் பொசுங்கும் நாற்றம் எழும்; எஞ்சும் சாம்பலை விரலால் நெரித்தால் பொடியாகும். இவ்விழையோ உருகி, விரலுக்கு நெரியாத கரிய மணியாயிற்று. அது பாலியெஸ்டர். மொத்த வியாபாரியை அழைத்தால் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் எம் எண்ணையே தடுத்துவிட்டார்.

தமக்கையார் தம் காதணியை அடகு வைத்து 4,800 ரூபாயையும் அவ்வம்மையார் இல்லத்திற்கே கொண்டு சென்று கொடுத்தார். "நான் பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொல்லிவிட்டேன் அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அதன்பின் மூன்று திங்கள் அவர் ஒரு படமும் அனுப்பவில்லை. தொழில் முடிந்தது என்றே யாம் எண்ணினோம்.

அன்பர்களே! முடியவில்லை. நான்காந் திங்களில் அத்தலைமையாசிரியை அம்மையாரே அழைத்தார். தமக்குக் கனமில்லாத பருத்திப் புடைவை நான்கு வேண்டுமென்றும், தம்மோடு ஓய்வூதியம் பெறுவார் மூவர்க்கும் வேண்டுமென்றும் கூறினார். "இணையத்தில் ஆயிரம் இருக்கிறது, எனக்கு எதுவென்று தெரிவதில்லை. நீ பார்த்துச் சொன்னால் வாங்குகிறேன்" என்றார். இழந்தோம் என்று எண்ணிய காசு நம்பிக்கையாய்த் திரும்பி வந்தமை கண்டேன். அதனோடு ஓர் உண்மையும் புலப்பட்டது. வாங்குவோர் அற்றுப்போகவில்லை, அவர்கள் வேறு மனிதராகிவிட்டனர். விலையை மட்டும் நாடுவோர் நேரே வாங்கச் சென்றனர். தேர்ந்து கொடுப்பாரை நாடுவோர் புதிதாய் வந்து வாயிலில் நிற்கின்றனர்.

அந்நாள் முதல் தமக்கையார் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு வைத்தார். யார் வாங்கினார், எத்துணை அகவையினர், எதற்கு வாங்கினார், என்ன அளவு, எது குறித்து முறையிட்டார் என்று எழுதலானார். ஆறு திங்களில் அவ்வேடு அவர்க்கு ஆசானாயிற்று. அதிற் கண்டவற்றையும், பிறரைக் கேட்டறிந்தவற்றையும் கொண்டு இன்று வாங்க வருவோரை வகைப்படுத்திக் கூறுவேன்.

முதலாவதாக, முதியோர். 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழ்நாட்டில் அறுபது அகவை நிரம்பினோர் நூற்றுக்கு 10.4 பேர். மகப்பேறு குறைந்தும் வாழ்நாள் நீண்டும் வருதலின் இவ்விகிதம் மேன்மேலும் உயர்ந்துவருகின்றது. இவர்களிற் பலர் பிள்ளைகள் வெளியூரிலிருக்கத் தனித்து வாழ்வோர்; ஓய்வூதியம் உடையோரும் உளர்; கைப்பேசியும் உண்டு. ஆயினும் இவர்க்கெனத் தேர்ந்து அனுப்புவோர் சிலரே. கனத்த சரிகைப் புடைவை இவர்க்குச் சுமை. சின்னாளப்பட்டிச் சுங்குடி, நெகமம், காரைக்குடிக் கண்டாங்கி போன்ற பருத்தி வகைகளில் எடை குறைந்தவற்றைத் தேர்தல் வேண்டும். தோள்வலியுடையார்க்குத் தலைவழி அணியும் நைட்டி துன்பம் தரும். முன்புறம் முழுதும் திறப்பதே ஏற்றது. இவர்க்குப் படம் மட்டும் அனுப்பிப் பயனில்லை. குரற்பதிவில் நிறமும் நீளமும் விலையும் கூறுக. பகலில் அழைத்துப் பேசுக. பொருளைக் கண்ட பின்பே பணம் தர விரும்புவார்க்கு அதற்கு இடந்தருக. ஓடிபி எண்ணைக் கேட்டு ஏமாற்றுவார் பெருகிய காலம் இது, "நான் ஒருபோதும் அவ்வெண்ணைக் கேளேன், கேட்பவன் நான் அல்லேன்" என்று முதல் நாளே இவர்க்குச் சொல்லி வைத்தல் விற்பவர் கடமை.

இரண்டாவதாக, இளையோர். இவர்கள் விலையை நம்மினும் விரைந்து அறிவர். விலையில் இவரோடு போட்டியிட்டால் தோல்வியே. ஆயினும் இவர்க்கும் ஒரு குறை உண்டு. ஒரு நிறுவனத்தின் 'எம்' அளவு மற்றொன்றன் 'எல்' அளவாயிருத்தலின், வாங்கிய சுடிதார் பொருந்தாமல் திருப்பியனுப்புதல் இவர்க்கு வாடிக்கையாயிற்று. துணியைத் தரையில் விரித்து, அளவு நாடாவை வைத்து, மார்பு இத்தனை அங்குலம், உயரம் இத்தனை அங்குலம், ஒருமுறை துவைத்தபின் நிறம் இவ்வாறு என்று ஒரு நிமிடச் சலனப்படம் எடுத்து இடுவாரை இவர்கள் நாடுவர். உடல் பருத்த பெண்மக்கள் கடையில் தம் அளவு கேட்கக் கூசி வெறுங்கையோடு மீள்வதை யாம் அறிவோம். அவர்க்கென மூன்று எக்ஸெல், நான்கு எக்ஸெல் அளவுகளை நாணமின்றிக் கேட்டுவாங்கும் இடமாக ஒரு விற்பனையாளர் இருப்பின் அவர் தம் தோழியரையும் அழைத்து வருவர்.

மூன்றாவதாக, வெளிமாநிலத்தார். திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களில் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, வங்கம் முதலிய நாடுகளினின்றும் வந்து உழைப்போர் குடும்பத்துடன் வாழ்கின்றனர். நம் விற்பனையாளர் நாட்காட்டியில் ஆடி, தீபாவளி, பொங்கல் மட்டுமே உள்ளன. வங்கத்தார்க்குத் துர்க்கா பூசையும், பீகாரத்தார்க்குத் தீபாவளி கழிந்து ஆறாம் நாளிற் சட் பூசையும் புத்தாடை நாட்கள். அவர் மொழியில் நான்கு சொற்கள் கற்று, விலையையும் அளவையும் இந்தியிலும் எழுதி இடுதல் பெரிய காரியமன்று. ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். நம் தொழில் இதுகாறும் நம்மவர்க்குள்ளேயே நடந்தது. நம்மவரை மட்டும் நம்பியிருக்கும் கடை, நம்மவர் நேரே வாங்கத் தொடங்கிய அன்றே மூடப்படும். ஆதலின் வாயிலை அகலத் திறமின். வருபவர் எக்குலத்தார், எந்நாட்டார் என்பது விற்பவர்க்கு வேண்டுவதன்று.

நான்காவதாக, ஆடவரும் கடல் கடந்தோரும். நாலு முழம், எட்டு முழம் என்னும் வேறுபாடே அறியாத இளைஞர் பலர், திருமணம் நெருங்குங்கால் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வேட்டியைத் தேடுகின்றனர். சிங்கப்பூர், மலேசியா வாழ் உறவினர், அவர் நாட்டுச் சுங்கமும் அனுப்பு கூலியும் சேர்த்து முன்னரே கணக்குச் சொல்வாரையே நாடுவர்.

இவ்வகையினர் அனைவர்க்கும் ஒருவரே விற்க முயல்வது பேதைமை. குறிப்பேட்டைப் பாருங்கள், உங்களிடம் மிகுதியாய் வருவார் யாவரோ அவருள் ஒரு வகையினரைத் தெரிந்து, அவர்க்கு வேண்டுவதை ஆழக் கற்றுக்கொள்ளுங்கள். என் தமக்கையார் முதியோரைத் தெரிந்துகொண்டார். நாள்தோறும் இருநூறு படம் அனுப்பியவர், இன்று கிழமைக்குப் பன்னிரண்டு புடைவையே அனுப்புகின்றார். அப்பன்னிரண்டிலும் மாதிரிக்கு ஒன்றைத் தாமே வாங்கித் தொட்டு, துவைத்து, தம் வீட்டுத் திண்ணை வெளிச்சத்திற் படமெடுத்த பின்பே அனுப்புகின்றார்.

இதனால் ஆதாயம் குறையாதா என்று சிலர் கேட்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு புடைவைக்கு நூறு ரூபாய் ஆதாயம் என்று கொண்டு பத்து விற்றால் ஆயிரம். அவற்றுள் மூன்று திரும்பி வந்தால் அவற்றின் ஆதாயம் முந்நூறு போயிற்று. போகவர அனுப்பு கூலி ஒன்றுக்கு நூற்றைம்பது என்று கொண்டால் நானூற்றைம்பதும் போயிற்று. எஞ்சுவது இருநூற்றைம்பதே. திரும்பாத ஆறு விற்றாலோ அறுநூறு முழுதும் கையில் நிற்கும். பார்த்துச் சொல்லும் உழைப்புக்கு நூற்றிருபது பெற்றாலும் முதியோர் மறுப்பதில்லை. அவ்வேற்றத்தை மறைக்கவும் வேண்டுவதில்லை. "என் கூலி இவ்வளவு" என்று வெளிப்படையாகவே தமக்கையார் கூறிவிடுகின்றார்.

இனி வாய்மையைப் பற்றி ஒரு சொல். சவுளிச் சொற்களில் இன்று பெருங்குழப்பம் நிகழ்கின்றது. 'சாப்ட் சில்க்' என்ற பெயரில் விற்பவை எல்லாம் பட்டல்ல. பெயரிற் பட்டிருந்தும் இழையிற் பட்டில்லாதவை மிகப்பல. அவற்றை விற்றல் குற்றமன்று. குறைந்த விலையில் அழகிய ஆடை பலர்க்கும் வேண்டும். பட்டென்று சொல்லி விற்றலே குற்றம். தூய பட்டுக்கு 2004-ஆம் ஆண்டு முதற் பட்டு முத்திரையும், கைத்தறிக்கு 2006-ஆம் ஆண்டு முதற் கைத்தறி முத்திரையும் வழங்கப்பட்டு வருகின்றன. அவை உளவா என்று கேட்டு வாங்குக. இல்லையேல் 'பட்டுப் போன்ற பாலியெஸ்டர்' என்றே எழுதுக. இணைய வாணிகம் குறித்து நடுவணரசு 2020-ஆம் ஆண்டு வகுத்த நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பழுதுடைய பொருளையும் கூறிய வண்ணம் அமையாத பொருளையும் விற்றவர் திரும்பப் பெற மறுத்தல் ஆகாது. தமக்கையார் அன்று அவ்விதியை அறியார். மனச்சான்று ஒன்றையே அறிவார்.

அரசு திறந்த ஒரு வழியையும் அறிந்துகொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டாத அளவுக்குச் சிறிய விற்றுமுதல் உடையோரும், ஒரு பதிவெண் மட்டும் பெற்று, தம் மாநிலத்திற்குள் இணையச் சந்தைகள் வழியே தம் பெயரில் விற்கலாம். பிறர் படத்தைச் சுமந்து திரியாது, தாமே தேர்ந்த துணியைத் தம் பெயராலேயே விற்க இது வாயில். மேலும், 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் தைத்த ஆடைகளில் ரூபாய் 2,500 வரை விலையுள்ளவற்றுக்கு வரி 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 விழுக்காடு. விலை குறிக்குங்கால் இதனை நினைவிற் கொள்க.

இறுதியாகச் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: திங்களுக்கு ஒரு ஞாயிறு இம்மண்டபத்தைத் திறந்துவிடுங்கள், நெசவும் இழையும் அறிந்த நம் முதியவர்கள் விற்கும் பெண்டிர்க்குப் பட்டையும் பருத்தியையும் வேறு பிரித்தறியக் கற்பிக்கட்டும். அவர் அறிவு அவரோடு மறைந்துபோதல் ஆகாது. இரண்டு: தனியொருவர் மாதிரி வாங்குதல் செலவு மிக்கது, பத்துப்பேர் கூடி வாங்கி இங்கு ஒரு பேழையில் வைத்தால் அனைவரும் தொட்டுப் பார்க்கலாம். மூன்று: ஏமாற்றிய மொத்த வியாபாரியிடம் தனித்த பெண்ணொருத்தி நியாயம் கேட்க இயலாது. சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் சென்றால் மறுமொழி வரும். வாராவிடின் நுகர்வோர் ஆணையத்தை நாடவும் துணை கிடைக்கும்.

தாய்மார்களே! உங்கள் தொழில் அழிந்ததென்று எவரேனும் கூறினால் நம்பற்க. படத்தை அனுப்புதலைக் கருவி நம்மினும் நன்கு செய்கின்றது. அதனை அதற்கே விட்டுவிடுங்கள். ஒரு முதியவளின் தோள்வலியை நினைந்து நைட்டி தேர்தலும், 'இது பட்டன்று அம்மா' என்று சொல்லி ஒரு விற்பனையை இழத்தலும் மனிதர்க்கே இயல்வன. என் தமக்கையாரின் காதணி சென்ற தைத்திங்களில் அடகினின்றும் மீண்டது. அதனை மீட்ட பணம் முழுதும் பருத்திப் புடைவை விற்று வந்தது என்று அவர் கூறியபோது, இலக்கணம் ஒன்றே அறிந்த எனக்கு வாணிகத்தின் இலக்கணமும் ஒருவாறு விளங்கிற்று.

வாழ்க நம் குடும்பங்கள்! வளர்க நேரிய வாணிகம்!